மொய் நோட்டுல ஏறாத உதவி: உங்க வீட்டுக் கல்யாணத்துல யார் யார் வந்து நின்னாங்க?

பாபநாசத்துப் பொண்ணு | சித்திரை 19

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு வர்ற வைகாசி 22 கல்யாணம். அப்பா 2021ல கொரோனாவுல தவறிட்டாங்க. அம்மா தையல் மிஷின் ஓட்டித்தான் எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சாங்க. நான் திருப்பூர்ல வேலை பார்க்குறேன், இப்ப ஒரு மாசம் லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கேன். எங்க ஊர் கும்பகோணம் பக்கம், பாபநாசத்துலேருந்து கொஞ்ச தூரம்.

நேத்து குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வச்சுட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்குறோம். எதிர்வீட்டு அத்தை வாசல்லயே நிக்கிறாங்க. "காய் அரிய ஆள் பேசிடாதீங்க, தெருவுல நாங்க எட்டு பேர் இருக்கோம்"னாங்க. அவங்க போய் பத்து நிமிஷம் ஆகல, ராவுத்தர் வீட்டுப் பெரியம்மா பேரனை விட்டு ரெண்டு பெரிய அண்டா, ஒரு தவலை, நாலு ஜமக்காளம் கொடுத்து அனுப்பிட்டாங்க. நாங்க கேக்கவே இல்ல. பால்காரர் வேற வந்து, "பால் கணக்கை ஆனி கழிச்சுப் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டுப் போனார்.

எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா ராத்திரி அம்மா அழுதாங்க. "இத்தனையையும் நான் எப்படித் திருப்புவேன்? உங்கப்பா இருந்தவரைக்கும் ஒருத்தர்கிட்ட கைநீட்டுனது இல்ல. தகப்பன் இல்லாத வீடுன்னு பரிதாபப்பட்டு செய்யுறாங்களோ"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. காலையில அண்டாவைத் திருப்பி அனுப்பிடலாம்னு வேற சொல்றாங்க.

உங்க வீடுகள்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். அதுக்குத்தான் எழுதுறேன்.

---

பாளையங்கோட்டை | சித்திரை 19

அண்டாவைத் திருப்பி அனுப்பாதீங்கம்மா. அந்தப் பெரியம்மா மனசு உடைஞ்சு போகும்.

---

சமையல்காரர் மகன் | சித்திரை 19

தங்கச்சி, எங்கப்பா முப்பத்தஞ்சு வருஷம் கல்யாண சமையல் பார்த்தவர். மாயவரம், குத்தாலம் பக்கமெல்லாம் அவரைத் தெரியும். சின்னப் பையனா அவர்கூட அடுப்படியில கிடந்தவன் நான். அங்க பார்த்ததைச் சொல்றேன்.

சாமான் லிஸ்ட் எழுத ஒரு வீட்டுக்குப் போனா அப்பா முதல்ல காசைப் பத்திப் பேச மாட்டார். கொல்லைப்பக்கம் போய் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிப்பார். வீட்டு நிலைமை அவருக்கு அங்கேயே தெரிஞ்சுடும். கஷ்டப்படுற வீடுன்னா, "இந்த வெயிலுக்கு ரெண்டு பாயசம் தாங்காது, திகட்டும், ஒண்ணு போதும். கூட்டு ஒண்ணு, பொரியல் ஒண்ணு, அப்பளத்தை நான் பார்த்துக்கிறேன்"னு அவராவே குறைச்சுடுவார். சமையலுக்காகக் குறைச்ச மாதிரிதான் இருக்கும். "உங்ககிட்ட வசதி இல்ல"ங்கிற பேச்சே அந்த வீட்டுல வராது. ஆனா அரிசியில மட்டும் கை வைக்க மாட்டார். கிலோவுக்கு எட்டு பேர்னு போட்டு, அதுக்கு மேல ஒரு மரக்கா சேர்த்துக்குவார். "சாதம் பத்தலேன்னா அந்தக் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் சொல்லு"ம்பார்.

உங்க அத்தை சொன்ன காய் விஷயத்துக்கு வர்றேன். 300 பேர் சாப்பாட்டுக்குக் காய் அரிய ஆள் வச்சா கூலி ஆகும், நிஜம்தான். ஆனா அந்த ராத்திரி எட்டு பொம்பளைங்க பந்தல்ல அரிவாள்மணையோட உட்கார்ந்தாங்கன்னா கல்யாண வீட்டுக்கு ஒரு காவல். ஸ்டோர் ரூம் சாவி தொலைஞ்சது, தயிர் புளிச்சது, வாழை இலைக்கட்டு வாடுனது எல்லாமே அவங்க கண்ணுலதான் முதல்ல படும். இலைக்கு ஈரச் சாக்கு போட்டு மூடணும்னு கல்யாண வீட்டுக்காரங்களுக்கு ஞாபகம் வராது. அவங்களுக்கு வரும். அதனால அத்தையை வரச் சொல்லுங்க. வர்றவங்களுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குச் சுக்கு காபி போட்டுக் கொடுங்க, போதும்.

---

வடகாட்டான் | சித்திரை 20

புதுக்கோட்டை மாவட்டம் வடகாடு எனக்கு. மொய் விருந்துன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க பக்கம் கீரமங்கலம், வடகாடு, அப்புறம் தஞ்சை மாவட்டத்துல பேராவூரணி சுத்துவட்டாரம், ஆடி, ஆவணின்னா விருந்துதான். பத்துப் பேர், பதினஞ்சு பேர் சேர்ந்து ஒரே பந்தல்ல கறி விருந்து வைப்போம். செலவைப் பங்கு போட்டுக்குவோம். ஒவ்வொருத்தருக்கும் தனி மேசை, தனி நோட்டு, எழுத ஆள். ஊரு, பேரு, தொகை. இன்னைக்கு நீங்க எனக்கு வைக்குறீங்க, உங்க விருந்துல நான் அதைத் திருப்பி வச்சு மேல கொஞ்சம் சேர்த்துப் போடுவேன். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எங்க முறை வரும். இந்தக் காசுல கிணறு வெட்டியிருக்காங்க, பொண்ணைக் கட்டிக் கொடுத்திருக்காங்க, பிள்ளைகளைப் படிக்க வச்சிருக்காங்க.

வெளியூர்க்காரங்க இதை வட்டியில்லாக் கடன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். ஆனா அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க தங்கச்சி: எங்க ஊருல நோட்டுல எழுதுறதே மரியாதைக்காகத்தான். எழுதி வச்சுட்டா அங்க பிச்சைன்னு ஒண்ணு கிடையாது. வாங்குனவன் தலை நிமிர்ந்து நடக்கலாம், திருப்பப் போறவன்தானே.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க தென்னந்தோப்பெல்லாம் ஒரே ராத்திரியில சாய்ஞ்சுச்சு. தென்னை போனா திரும்பக் காய்க்க எத்தனை வருஷம்னு விவசாயிக்குத் தெரியும். அடுத்த ஆடியில மொய் பாதிகூட வரல. எங்க வீட்டுக்கு வைக்க வேண்டிய ஒரு அண்ணன், மேசைக்கு முன்னாடி வந்து நின்னு, "இந்தத் தடவை என்னால முடியலப்பா"ன்னார். எங்கப்பா எழுத்தரைப் பார்த்து, "அண்ணன் வந்துட்டார்னு எழுது, தொகையை விட்டுடு"ன்னார். அந்த வரி இப்பவும் எங்க நோட்டுல இருக்கு. பேரு இருக்கு, தொகை இல்ல.

---

பாபநாசத்துப் பொண்ணு | சித்திரை 20

வடகாட்டு அண்ணா, உங்க கடைசி வரியை அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். அண்டா இங்கேயே இருக்கு. புளி போட்டுத் தேய்ச்சு வெயில்ல கவுத்திருக்காங்க.

---

கோவை ஆசிரியை | சித்திரை 21

உன் பதிவைப் படித்ததிலிருந்து இரண்டு விஷயங்கள் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன மகளே. கல்யாண வேலையில் இவை விட்டுப்போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது அரசு உதவி. தாலிக்குத் தங்கம் என்று எல்லோரும் சொன்ன மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் 1989ல் வந்தது. 2022ல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு இப்போது மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். "எல்லாத் திட்டமும் போச்சு" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கணவரை இழந்த ஏழைத் தாயின் மகளுக்கென்றே ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் தனியாக இருக்கிறது. உன் அம்மாவுக்கு அது பொருந்தலாம். கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நாளைக்கே மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ கேட்டுவிடு. நடுவில் ஒருவர் வந்து "நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்றால் கொடுக்காதே. எங்கள் பள்ளி ஆயா ஒருவர் அப்படிக் கொடுத்து ஏமாந்தார்.

இரண்டாவது, கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள். தெருவே சேர்ந்து செய்கிற உதவி மாப்பிள்ளை வீட்டின் கேட்புப் பட்டியலுக்குப் போய்ச் சேருமானால் அது உதவி இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். இருபத்தெட்டு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். என்னிடம் படித்த பெண்களின் கல்யாணங்களில், பக்கத்து வீட்டுக்காரர்கள் நகையைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அந்தப் பெண் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். உன் தங்கையின் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லையே?

---

பாபநாசத்துப் பொண்ணு | சித்திரை 21

இல்லைங்க டீச்சர். அவங்க எதுவும் கேக்கல. மாப்பிள்ளையோட அம்மா நிச்சயத்தன்னைக்கே, "புடவை நாங்க எடுக்கிறோம், சாப்பாடு நீங்க போடுங்க, மத்ததெல்லாம் அதுங்க ரெண்டும் சம்பாதிச்சுச் சேர்த்துக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. அந்தத் திட்டம் எங்களுக்குச் சுத்தமாத் தெரியாது. நாளைக்கே போறேன்.

---

திருச்சிக்காரன் | சித்திரை 22

எல்லாரும் நல்லதையே சொல்றீங்க. என் அனுபவம் வேற. என் அக்கா கல்யாணத்துக்கு இரவல் வாங்குன ஒரு நெக்லஸ்ல கல் ஒண்ணு விழுந்துடுச்சு. கொடுத்தவங்க அப்ப ஒண்ணும் சொல்லல. ஆனா அடுத்த எட்டு வருஷம் எந்த விசேஷத்துல பார்த்தாலும் அதை எடுப்பாங்க. எங்கம்மா அவங்க தெரு வழியா நடக்குறதையே நிறுத்திட்டாங்க. அதனால சொல்றேன், உங்கம்மா பயப்படுறது நியாயம்தான். எல்லா உதவியும் ஒண்ணு இல்ல.

---

பாளையங்கோட்டை | சித்திரை 22

தம்பி சொல்றது சரிதான். நகையை மட்டும் இரவல் வாங்காதீங்க. இப்ப கவரிங்கே கண்ணுக்கு நிறைவா கிடைக்குது. இல்லேன்னா மஞ்சக் கயிறு, ஒரு முழம் பூ. வேற எது வாங்கினாலும் ஒரு பழைய நோட்டுல எழுதி வைங்க: யார் வீட்டு ஜமக்காளம், எத்தனை, எந்த ஓரத்துல கிழிசல். எங்க தெருவுல பாத்திரத்து அடியில சாயத்துல புள்ளி வைப்பாங்க. மூணு புள்ளின்னா எங்க வீடு. எங்க கோயில் கமிட்டி அண்டாவும் சர்ச் அண்டாவும் ஒரே கல்யாணத்துக்கு வந்துடும், புள்ளி இல்லேன்னா கதை முடிஞ்சுது.

இன்னொண்ணு. எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு அதிரசமாவது போட்டுக் கொடுக்கணும். எங்க ஆச்சி அப்படித்தான் பழக்கியிருக்கா.

---

நல்லூர் வீதி | சித்திரை 23

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் கலியாணத்துக்கு முதல் நல்ல நாள் பார்த்துப் பலகாரம் சுடத் தொடங்குவம். அயலட்டைப் பெண்டுகள் எல்லாரும் வருவினம். அரியதரம், பயத்தம் பணியாரம், முறுக்கு, சிப்பிலி. ஒராள் மா அரிக்க, ஒராள் பாகு காய்ச்ச, ஒராள் அடுப்புக்கு முன்னால. ஆருக்கும் கூலி இல்லை. பிறகு மாப்பிளை வீட்டில பொன்னுருக்கு. ஆசாரியார் வந்து தாலிக்குப் பொன் உருக்குவார். அதுக்குப் பிறகு தாலி கட்டுமட்டும் பொம்பிளையும் மாப்பிளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது என்ர சின்னம்மாவின்ர கலியாணம். 1995 ஒக்ரோபர் கடைசியில சண்டையால வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. நாங்கள் தென்மராட்சிக்குப் போய் மட்டுவிலில ஒரு வீட்டுத் திண்ணையில இருந்தனாங்கள். அந்த ஒரு வளவுக்குள்ள ஏழு குடும்பம். கலியாணம் முதலே பேசி வைச்சது, 96 தையில நாள். பொருளாதாரத் தடை, சீனிக்கு எங்க போறது? வீட்டுக்கார அம்மா ஒரு சுளகை முற்றத்தில வைச்சவா. ஒண்டும் சொல்லேல்லை. பின்னேரத்துக்குள்ள அதில சின்னச் சின்னச் சரைகள், பொட்டலங்கள். ஒண்டில ரெண்டு கரண்டி சீனி, ஒண்டில கொஞ்சம் பயறு, ஒண்டில பனங்கட்டி. அகதியா வந்த சனம், தங்கட பிள்ளைக்குத் தேத்தண்ணிக்கு வைச்சிருந்த சீனி அது. பயத்தம் பணியாரம் மட்டும் சுட்டம், ஆளுக்கு ஒண்டுதான் வந்தது.

எந்தச் சரை ஆருடையது எண்டு சின்னம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது. அவ இப்ப கனடாவில. அங்க ஆர் வீட்டுக் கலியாணம் எண்டாலும், அழைப்பு இல்லாட்டிலும், பலகாரம் சுடுற அண்டைக்குப் போய் நிப்பா.

---

சமையல்காரர் மகன் | சித்திரை 23

அக்கா, ஆளுக்கு ஒண்ணு வந்த அந்தப் பலகாரத்தை என்னால மறக்க முடியாது.

---

அடுக்கக வாசி | சித்திரை 25

கிராமத்துலதான் இதெல்லாம் நடக்கும்னு யாராவது எழுதுறதுக்கு முன்னாடி நான் எழுதிடுறேன். செங்கல்பட்டுல அடுக்கக வீடு எங்களது. மூணு மாடி, பதினெட்டு வீடு. போன வருஷம் என் பையன் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து நாற்பது பேர் வந்தாங்க. நாங்க லாட்ஜ் தேடிக்கிட்டு இருந்தோம். முகூர்த்த நாள்ங்கிறதால எங்கேயும் ரூம் இல்ல. லிஃப்ட்ல பார்த்தா தலையை மட்டும் ஆட்டுற மூணாவது மாடிக்காரர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். "நாங்க ரெண்டு நாள் மாமியார் வீட்டுக்குப் போறோம், வீடு சும்மாத்தான் இருக்கும்." அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் அஞ்சு வீட்டுல ஒரு ரூம் ஒதுக்குனாங்க. ஒரு வீட்டுல, காலையில நாலு மணிக்கு எழுந்து எங்க பெரியப்பாவுக்கு வெந்நீர் போட்டு வச்சிருக்காங்க. அவருக்கு மூட்டு வலின்னு அவங்களுக்கு யார் சொன்னதுன்னே தெரியல.

மூணாவது மாடிக்காரர் மாமியார் வீட்டுக்குப் போகவே இல்லேன்னு பிறகு தெரிஞ்சுது. ஆஃபீஸ்ல தங்கியிருக்கார், குடும்பத்தை மட்டும் அனுப்பிட்டு.

---

கடற்கரைச் சாலை | சித்திரை 26

ராவுத்தர் வீட்டு அண்டான்னு படிச்சதும் ஞாபகம் வந்துச்சு. 2020 ஜனவரி 19, கேரளத்துல காயங்குளம் பக்கம் சேராவள்ளி ஜமாத் பள்ளிவாசல் வளாகத்துல ஒரு இந்துப் பொண்ணுக்குக் கல்யாணம் நடந்துச்சு. அவங்க அப்பா இறந்து போனவர். அம்மா ஜமாத்துல போய் உதவி கேட்டிருக்காங்க. பள்ளிவாசல்லயே பந்தல் போட்டு, சடங்கெல்லாம் அவங்க முறைப்படி நடந்து, சைவச் சாப்பாடு. பத்து பவுனும் ரெண்டு லட்சமும் கொடுத்தாங்க. கேரள முதல்வரே அதைப் பத்தி எழுதினார். அந்தத் தாயும் உங்க அம்மா மாதிரி எத்தனை ராத்திரி யோசிச்சிருப்பாங்க, போய்க் கேக்குறதுக்கு முன்னாடி.

அதே வருஷம் மே மாசம் எங்க நாகப்பட்டினத்துல என் கல்யாணம். ஊரடங்கு, 50 பேருக்கு மேல கூடக் கூடாது. ரெண்டு வீட்டுச் சொந்தத்துக்கே அது பத்தல. எங்க தெருக்காரங்க ஒருத்தரும் வரல. ஆனா தாலி கட்டி நாங்க தெருவுக்குள்ள வந்தப்ப, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் செம்மண் இட்ட கோலம். எல்லாரும் அவங்கவங்க படியிலயே நின்னாங்க. தூரத்துலேருந்தே அட்சதை போட்டாங்க. அந்த அரிசி எங்க மேல விழவே இல்ல, ரோட்டுலதான் விழுந்துச்சு.

---

திருச்சிக்காரன் | சித்திரை 26

நான் மேல எழுதுனதை அம்மாகிட்ட காட்டினேன். அவங்க ஒண்ணு சொன்னாங்க, இங்க போடணும்னு தோணுது. அந்த நெக்லஸ் கொடுத்தவங்கதான் கல்யாணத்தன்னைக்கு மயங்கி விழுந்த எங்க பாட்டியை ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். சாயங்காலம் வரைக்கும் சாப்பிடாம அங்கேயே இருந்திருக்காங்க. எனக்கு இது தெரியாது. கல் போன கதைதான் வீட்டுல பேச்சா இருந்துச்சு, இது இல்ல. அடுத்த வாரம் அம்மாவை அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

---

பாபநாசத்துப் பொண்ணு | வைகாசி 27

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சுது.

டீச்சர், சித்திரை 22 அன்னைக்கே போய் விண்ணப்பம் கொடுத்துட்டோம். விசாரணைக்கு வந்துட்டுப் போனாங்க, பாக்கலாம். கல்யாணப் பதிவுக்கும் போகணும். 90 நாளைக்குள்ள பண்ணணும்னு சொன்னாங்க, இந்த வாரமே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.

பந்தக்கால் நடுறப்ப ஒரு விஷயம் நடந்துச்சு. எங்க பக்கம் கட்டுக்கழுத்தியா இருக்குறவங்கதான் மஞ்சள் குங்குமம் வைப்பாங்க. அம்மா உள்ள போய் நின்னுட்டாங்க. எதிர்வீட்டு அத்தை போய்க் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, "பெத்தவ வைக்காத மஞ்சள் எந்தக் காலுக்கு வேணும்"னு சத்தமா கேட்டாங்க. தெருவுல பெரியவங்க எல்லாரும் இருந்தாங்க. யாரும் ஒரு வார்த்தை பேசல. அம்மாதான் முதல்ல வச்சாங்க. நாலு வருஷத்துக்கு அப்புறம் அம்மா கையில மஞ்சளைப் பார்த்தேன்.

காய் அரிய எட்டு பேர்னு சொன்னாங்க, பதினாறு பேர் வந்தாங்க. சுக்கு காபி ரெண்டு தடவை போட்டேன் அண்ணா. இலைக்கு ஈரச் சாக்கும் போட்டோம். சாதம் மிஞ்சுச்சு. சூடு ஆறுறதுக்குள்ள பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போயிட்டாங்க தெருப் பசங்க.

அப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில தண்ணி ஊத்துறது அவர் வேலை. பித்தளை ஜக்கைத் தூக்கிட்டு கடைசிப் பந்தி வரைக்கும் நடப்பார். எங்க கல்யாணத்துல தண்ணி ஊத்துனது யார்னு சாப்பிடுற வரைக்கும் நான் கவனிக்கல. நிமிர்ந்து பார்த்தா பால்காரர். அதே ஜக்கு. எங்க வீட்டுப் பரண்ல கிடந்தது, அம்மாகிட்ட கேட்டு எடுத்திருக்கார்.

மொய் நோட்டை நேத்து அம்மா எடுத்து வச்சுப் பார்த்தாங்க. பின்பக்கத்துல என்னை எழுதச் சொன்னாங்க: யார் காய் அரிஞ்சது, யார் ஜமக்காளம் விரிச்சது, யார் மாப்பிள்ளை வீட்டுக் குழந்தையைத் தூக்கி வச்சிருந்தது. மூணு பக்கம் ஆச்சு. நடுவுல நிறுத்தி, "அந்தப் பச்சைச் சட்டைப் பையன் யாரு? பூரா எச்சில் இலையும் அவன்தான் எடுத்தான்"னு கேட்டாங்க. எங்களுக்கு யாருக்கும் தெரியல. "பச்சைச் சட்டை"ன்னே எழுதியிருக்கேன்.

ராவுத்தர் வீட்டு அண்டாவுல அதிரசம் போட்டுக் கொடுத்துட்டோம். பெரியம்மா ஒரு அண்டாவை மட்டும் வாங்கிக்கிட்டு, இன்னொண்ணை இங்கேயே விட்டுட்டாங்க. ஆனி 3 அவங்க பேத்திக்கு வளைகாப்பு. புளிச்சாதம் எங்கம்மா கையாலதான் வேணுமாம்.

---

பாளையங்கோட்டை | வைகாசி 27

எத்தனை பேருக்கும்மா?

---

பாபநாசத்துப் பொண்ணு | வைகாசி 28

நூறு பேருக்கு. புளிக்காய்ச்சல் முன்னாடியே செஞ்சு வச்சா நல்லா ஊறும்னு இன்னைக்கே புளியை ஊறப் போட்டாச்சு. எதிர்வீட்டு அத்தை நல்லெண்ணெயோட வந்துட்டாங்க, நான் போறேன்.